ஸ்பெயின்காரருக்காக வெள்ளையடித்த வீடு

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கித் துடைப்பது எல்லாரும் செய்வது. கொஞ்சம் வசதி இருந்தால் திரைச்சீலையை மாற்றுவார்கள். வருகிறவர் பிறந்த ஊரைப் போலவே வீட்டை மாற்றிவைத்து, அதற்குள் அவரை மரியாதையாக உட்காரவும் வைத்து, அவர் போட்டிருந்த கோட்டுக்கு ஒரு வழி பண்ணிய பெருமை எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான் உண்டு. (யோசனை என்னுடையது. வீடும் சுண்ணாம்பும் அத்தாவுடையவை.)

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நான் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு திருக்கழுக்குன்றத்தில், மலைக்குக் கீழே. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பஜாரில் பெயிண்ட் கடை. காதர் பாய் கடை என்றால் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது, ஏனென்றால் ஊரில் பாதி வீடுகளின் நிறத்தை முடிவு செய்தவர் அவர்தான். வாங்க வருகிறவர் பச்சை கேட்டால் அத்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உன் வூட்டுக்கு பச்சை எடுக்காதுபா, ரோஸ் போடு" என்பார். ரோஸ் போட்டுக்கொண்டு போவார்கள். எங்கள் தெரு முழுக்க ரோஸாக இருந்ததற்கு அதுவே காரணம். எங்கள் வீடு எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் தூக்கலான ரோஸ்.

அந்தக் காலத்தில் சாஃப்ட்வேர்காரர்களில் இரண்டே வகை. ஆன்சைட் போனவன், போகாதவன். போனவனுக்குப் பெண் வீட்டார் வாசலில் காத்திருப்பார்கள். போகாதவனைப் பார்த்து, "பையன் கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்று கேட்பார்கள். நான் போகாதவன். என் பாஸ்போர்ட் எடுத்த நாளிலிருந்து அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பாச்சை உருண்டை வாசனையோடு தூங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பெரியம்மா பிரியாணியைப் பிசைந்தபடியே, "இன்னும் ஃபாரின் அனுப்பலியா உன்னை?" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பார்.

அப்போதுதான் மனுவேல் வந்தார். எங்கள் வேலைக்குச் சம்பளம் கொடுக்கிற ஸ்பானிய கம்பெனியின் மேலாளர். மூன்று வாரம் சிறுசேரியில் எங்களோடு உட்கார்ந்து வேலை பார்க்க வந்திருந்தார். போகும்போது எங்கள் குழுவில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் ஸ்பெயினுக்கு அழைத்துக்கொள்வார் என்று பேச்சு. போட்டி எனக்கும் படூரிலிருந்து வரும் தினேஷுக்கும். தினேஷுக்கு வேலை தெரியும். அது ஒன்றுதான் அவனுக்குச் சாதகம் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. மனுவேல் மாட்ரிட்டில் வேலை பார்த்தாலும் அவருடைய சொந்த ஊர் பெனஹாரா என்னும் மலைக்கிராமம். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று அவரே சொல்லியிருந்தார். ஊர்ப் பாசத்தில் அடித்தால் விழாத மனிதன் உண்டா? அலுவலக நேரத்தில் அலுவலக கம்ப்யூட்டரில் அலுவலக பேப்பரில் பெனஹாராவின் சரித்திரத்தையும் பார்க்க வேண்டிய இடங்களையும் பிரிண்ட் எடுத்து, கேளம்பாக்கம் வழியாகப் போகிற ஷட்டிலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பது போல் படித்தேன்.

இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெனஹாரா தெற்கு ஸ்பெயினில், உச்சியில் பனி படிந்த ஒரு மலையின் சரிவில் இருக்கிறது. வீடுகள் அத்தனையும் வெள்ளை. கீழ் வீட்டு மொட்டைமாடி மேல் வீட்டுக்கு வாசல். எதிரே கழுதை வந்தால் மனிதன் பின்வாங்க வேண்டிய அளவுக்குச் சந்துகள். ஊரை உண்டாக்கியவர்கள் அரபு முஸ்லிம்கள். பனி உருகி வரும் தண்ணீரை மலையைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். படிப்படியாக நிலத்தைச் செதுக்கி அத்தியும் பாதாமும் வைத்தார்கள், பட்டுப்பூச்சிக்கு முசுக்கட்டை வளர்த்தார்கள். நூற்றாண்டுகள் கழித்து அவர்களைத் துரத்திவிட்டு வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வந்தவர்களுக்கு வாய்க்காலில் தண்ணீர் திருப்பத் தெரியவில்லை. சொல்லிக்கொடுப்பதற்காக இரண்டு குடும்பங்களை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்தத் தண்ணீர் இன்றைக்கும் தெரு நடுவே சலசலத்துக்கொண்டு ஓடுகிறது. பார்க்க வேண்டியவை: பள்ளிவாசல் இருந்த இடத்தில் எழுந்த சர்ச், அதன் மணிக்கூண்டு, பாதாம் பூக்கும் பருவம், மேல்மாடிக் காற்றில் தொங்கவிட்டுப் பதப்படுத்தும் பன்றித்தொடை. எல்லாவற்றுக்கும் மேலாக, வருடந்தோறும் திருவிழாவுக்கு முன்னால் ஊரே கூடி வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் அழகு.

ஒரு மத்தியானம் கேன்டீனில் இதை முழுக்க மனுவேலிடம் ஒப்பித்தேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் ஊர் மேயருக்கே இவ்வளவு தெரியாது என்றார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். (தினேஷ் அப்போது சாப்பிடக்கூட வராமல் சீட்டில் உட்கார்ந்து, மனுவேல் காலையில் காட்டிய கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்தான். பாவம், பிழைக்கத் தெரியாதவன் என்று நினைத்தேன்.) சூட்டோடு சூடாக, சனிக்கிழமை மாமல்லபுரம் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று அழைத்தேன். அவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்.

வீட்டில் சொன்னபோது அத்தா கல்லாப்பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் மலையைப் பார்க்க தினமும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதில் ஒருவர் சாப்பிட வருகிறார், அவ்வளவுதானே என்பது போல் இருந்தார். வாய்க்கால் வெட்டியது அரபு முஸ்லிம்கள் என்று சொன்னதும்தான் நிமிர்ந்தார்.

"இன்னாடா சொல்ற? நம்ம ஆளுங்களா?"

மறுநாள் பஜார் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நம்ம ஆளுங்க உண்டாக்கின ஊரிலிருந்து ஒருத்தர் வருகிறார். புதன்கிழமை அது, நம்ம ஆளுங்க வெட்டின வாய்க்காலில் தண்ணி குடிச்சு வளர்ந்தவர் என்று ஆனது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பு தேடும்போது, அந்த வாய்க்கால் வெட்டியதில் எங்கள் குடும்பத்துக்கே ஏதோ பங்கு இருப்பது போல அத்தா பேசிக்கொண்டிருந்தார். அங்கே சாப்பாட்டில் என்ன விசேஷம் என்று அம்மா கேட்டார். பாதாம் என்றேன். (மேல்மாடி சமாசாரத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.)

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வீட்டை வெள்ளையடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மனுவேல் உள்ளே நுழைந்ததும் சொந்த ஊருக்கே வந்த மாதிரி இருக்க வேண்டும், கண் கலங்க வேண்டும், அந்தக் கலக்கத்திலேயே என் பெயரை டிக் அடிக்க வேண்டும். திட்டம் அதுதான்.

அத்தாவுக்குப் பிடித்துப்போனது. கடையின் பின்பக்கத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு வைத்திருந்தார். எங்கள் கடற்கரைப் பக்கத்துக் கழிமுகத்தில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. அதற்கு ஈடான வெள்ளை எந்த கம்பெனி டப்பாவிலும் வராது என்பது அவர் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பழைய ரோஸ் டிஸ்டம்பரைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுண்ணாம்பில் வஜ்ரம் காய்ச்சி ஊற்ற வேண்டும். வஜ்ரம் என்பது சுண்ணாம்பு சுவரைப் பிடித்துக்கொள்வதற்காகச் சேர்க்கிற பசை. அது இல்லாமல் அடித்தால் தொட்ட கையோடு வந்துவிடும் என்றார்.

என் கையில் பிரிண்ட் அவுட் இருந்தது. அதில் தெளிவாகப் போட்டிருந்தது: சுண்ணாம்பும் தண்ணீரும். வேறு எதுவும் இல்லை. அசல் என்றால் அசலாக இருக்க வேண்டாமா? தவிர, வஜ்ரம் காய்ச்சும்போது வருகிற நாற்றம் எளிதில் வீட்டைவிட்டுப் போகாது. சொந்த ஊர் நினைவு வர வேண்டிய மனிதருக்கு வேறு நினைவு வந்துவிடும். அத்தா ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தொழிலில் தலை நரைத்தவர் அவர். நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"அது அரபுக்காரங்க முறை அத்தா. வெறும் சுண்ணாம்புதான். அவங்க எதுவுமே கலக்க மாட்டாங்க."

(பேப்பரில் அப்படி எங்கேயும் இல்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது.)

அத்தா எடுத்துவைத்திருந்த வஜ்ரத்தைத் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு, "அப்ப சரி" என்றார். சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று சுரண்டுவதையும் விட்டுக்கொடுத்தார்.

எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிற பெயிண்டர் ஏழுமலை, தேங்காய் நார் மட்டையோடு வந்தார். பழசைச் சுரண்ட வேண்டாம், வஜ்ரம் காய்ச்ச வேண்டாம் என்று கேட்டதும் அவருக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. வேலை பாதியாகிவிட்டதே. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தரையைத் தவிர எல்லாவற்றுக்கும் அடித்து முடித்துவிட்டார். கூடம், நடை, கூரை எல்லாம் கண்கூசும் வெள்ளை. ரோஸ் தெரு நடுவில் எங்கள் வீடு மட்டும் பளீரென்று நின்றது. ஏழுமலை தெருவில் நின்று தலையைச் சாய்த்து ரசித்துவிட்டு, "சூப்பரா கீது பாய். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மாதிரியே கீது" என்றார்.

சனிக்கிழமை மனுவேலை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். அங்கே அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ரொம்பப் பழசு, ரொம்ப ரொம்பப் பழசு என்ற இரண்டு பதில்களை மாற்றி மாற்றிச் சொன்னேன். திருக்கழுக்குன்றத்தில் கார் திரும்பியதும் அவர் கண்ணாடியை இறக்கி, வீடுகளுக்கு மேலே நிற்கிற மலையையும் உச்சியில் இருக்கிற கோயிலையும் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். மலை என்றேன். அவர் ஊர்ச் சர்ச் மணிக்கூண்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசத் தெரிந்த எனக்கு, நான் பிறந்ததிலிருந்து ஜன்னலில் பார்க்கும் மலையைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது.

மனுவேல் அந்த வெயிலிலும் கருநீலக் கோட்டு போட்டிருந்தார். முதல் தடவை ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது நன்றாக உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் அம்மா சொல்லிக்கொடுத்ததாம். கையில் ஒரு துணிப்பை. அதில் அம்மாவின் தோட்டத்துப் பாதாம். (மேல்மாடி சமாசாரம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.) வாசலில் வந்து நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தார். நான் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையாகவே கலங்கின மாதிரி இருந்தது. ஸ்பெயின் விமானத்தில் ஜன்னல் சீட்டா, நடை ஓர சீட்டா என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

உள்ளே அத்தா அடர்பச்சைச் சட்டையில் காத்திருந்தார். பஜாரிலிருந்து நாலைந்து பேரை அழைத்திருந்தார். அதில் முக்கியமானவர் இரும்புக்கடை செல்வராஜ். போன வருடம்தான் தன் கடையிலும் பெயிண்ட் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்திருந்தார். அவர் பார்த்து வயிறெரிய வேண்டும் என்பதற்காகவே அத்தா அவரை முதல் ஆளாகக் கூப்பிட்டிருந்தார். எல்லாரும் நல்ல சட்டை, நல்ல வேட்டி.

எங்கள் வீடுகளில் விருந்து என்றால் தரையில் சுப்ரா என்கிற சாப்பாட்டு விரிப்பை விரித்து, அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. மரியாதைக்கு உரியவர்களைச் சுவரோரம் உட்காரவைத்து, "நல்லா சாஞ்சு உக்காருங்க" என்று சொல்ல வேண்டும். சாயாமல் உட்கார்ந்தால் இன்னும் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம், மறுபடி சொல்ல வேண்டும். மனுவேலுக்கு அத்தா மூன்று முறை சொன்னார். நான் மூன்று முறை மொழிபெயர்த்தேன். அவர் நன்றாகவே சாய்ந்துகொண்டார். மற்றவர்களும் வரிசையாகச் சாய்ந்தார்கள்.

பிரியாணி அண்டா வந்தது. தொட்டுக்கொள்ள தால்சா வந்தது. அத்தா வாய்க்கால் சரித்திரத்தை ஆரம்பித்தார். பெனஹாராவில் பிறந்து வளர்ந்தவருக்கு பெனஹாராவைப் பற்றி, கடல் தாண்டியே போகாத செல்வராஜும் கேட்டுத் தலையாட்டுகிற மாதிரி அத்தா சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் பாதியாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டுப்பூச்சி வரைக்கும் வந்திருப்பார். கரண்ட் போனது.

அந்த வருடம் கரண்ட் போவது அதிசயமில்லை. ஆனால் மத்தியான வெயிலில், சூடான பிரியாணிக்கு முன்னால், கருநீலக் கோட்டுக்குள் இருக்கிற மனிதருக்கு வியர்த்த வியர்வையை நான் அதுவரை பார்த்ததில்லை. விசிறி மட்டை கொடுத்தோம். எல்லாரும் வியர்த்து, சாய்ந்து, சரிந்து, இன்னும் சாய்ந்தார்கள். கரண்ட் வந்தால் காற்று உடனே வரட்டும் என்று நான் எழுந்து போய் ஃபேன் ரெகுலேட்டரைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது.

ஃபேன் சுற்றியது. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. முதலில் மெல்லிய தூளாக, அப்புறம் செதில் செதிலாக. வெள்ளைச் செதில்களுக்கு அடிப்பக்கம் பழைய ரோஸ் ஒட்டியிருந்தது கூட எனக்குத் தெரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து முந்தானையை அண்டா மேல் விரித்துப் பிரியாணியைக் காப்பாற்றினார். அன்றைக்கு அந்த வீட்டில் சரியான வேலை செய்த ஒரே ஆள் அவர்தான். மனுவேலின் தலை, புருவம், தட்டு எல்லாம் வெள்ளை. அவர் கூரையைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் டிசம்பரில் இப்படித்தான் இருக்கும் என்று நிதானமாகச் சொன்னார்.

எல்லாரும் எழுந்தார்கள். அப்போதுதான் முதுகுகள் தெரிந்தன. செல்வராஜின் முதுகில் வெள்ளை. பாய்மார்களின் முதுகில் வெள்ளை. மனுவேலின் கருநீலக் கோட்டில் கழுத்திலிருந்து இடுப்பு வரை, வியர்வையில் குழைந்து, பூச்சு வேலை மாதிரியே ஏறியிருந்தது. சுவரில் அவர் சாய்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்த ஆள் உயரத்துக்கு ரோஸ் தெரிந்தது. செல்வராஜ் தன் தோளைத் தட்டி, விரலில் ஒட்டியதை வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னா பாய், இது உங்க கடை சரக்கா?"

அத்தாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஊருக்கெல்லாம் சுவர் பூசியவர், அவருடைய சொந்தச் சுவர் விருந்தாளியின் முதுகோடு போய்விட்டது. அதுவும் செல்வராஜின் கண்ணெதிரே. என் பையன்தான் வஜ்ரம் வேண்டாம் என்றான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

"ஆமா," என்றார். "என் கடை சரக்குதான்."

அந்த நிமிடத்தில் ஸ்பெயின், ஆன்சைட், பெரியம்மா எல்லாம் என் தலையிலிருந்து போய்விட்டன. வெட்கத்தில் காது சுட்டது. அதே சமயம் இவர் என் அத்தா என்று நெஞ்சு நிமிரவும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மனுவேல் கோட்டைக் கழற்றி முதுகுப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். விரலால் சுரண்டி மோந்து பார்த்தார். இதை எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டார். அத்தா நிமிர்ந்து, உங்கள் ஊரில் அரபுக்காரர்கள் சொல்லிக்கொடுத்த முறைப்படி, வெறும் சுண்ணாம்பும் தண்ணீரும் என்று சொல் என்றார் என்னிடம். என் பொய்யை நானே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. மனுவேல் புருவத்தை உயர்த்தினார். அப்படி யாரும் செய்வதில்லையே, என் அம்மா கைப்பிடி உப்பும் உருக்கிய ஆட்டுக் கொழுப்பும் போடுவார், இல்லாவிட்டால் ஒட்டாதே என்றார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவனும் நான்தான். அத்தா காத்திருந்தார். வேறு வழியில்லை.

"அங்கயும் கலப்பாங்களாம் அத்தா. உப்பும் கொழுப்பும்."

அத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப உனக்கு வந்து சொன்ன அரபுக்காரன் எவன்டா?" என்று கேட்டார். செல்வராஜ்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும். மனுவேல் என்ன என்று கேட்டார். அதையும் நானே மொழிபெயர்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். (அதனால் கையும் வெள்ளையானது.)

அதற்குப் பிறகு என் உதவி அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. பிரெட் அல்வாவை முடித்ததும் அத்தா மனுவேலின் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுண்ணாம்பு டிரம்மைத் திறந்து காட்டினார். கொஞ்சம் சுடாத கிளிஞ்சலை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கடல் இருக்கிற கிழக்குத் திசையைக் காட்டினார். மனுவேலுக்குப் புரிந்துவிட்டது. அவர் ஊரில் மலைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுப்பார்களாம். கடலிலிருந்து வெள்ளை வரும் என்று அவர் கேள்விப்பட்டதே இல்லை. விரல்களுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். அத்தா வஜ்ரம் காய்ச்சினார். மனுவேல் உப்பு போட்டார். பஜாரே கூடி நின்று பார்த்தது. பிறகு அத்தாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, என் கம்பெனிக்கே படியளக்கிற அந்த மனிதர் எங்கள் வாசல் சுவரில் நார் மட்டையால் சுண்ணாம்பு அடித்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அத்தா. ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை முடிவு தெரிந்தது. தினேஷ். மனுவேலே என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும், உன் வீட்டை அதைவிடப் பிடிக்கும். ஆனால் எனக்கு அங்கே எங்கள் ஊரைத் தெரிந்த ஆள் தேவையில்லை, எங்கள் ஊரில் எல்லாருக்கும் எங்கள் ஊர் தெரியும் என்றார். தினேஷுக்கு ஷாப்பிங் போக நான்தான் துணைக்குப் போனேன்.

அடுத்த வருடம் மனுவேல் வீட்டுக்கு போன் செய்தார். வாசல் சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அத்தா போனைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போய், அடர்பச்சைச் சட்டைக் கையால் சுவரை அழுத்தித் துடைத்துப் பார்த்துவிட்டு, "நோ பவுடர்" என்று சத்தமாகச் சொன்னார். திருவிழாவுக்கு முன்னால் பெனஹாராவில் வெள்ளையடிக்கப் போகிறோம், நீங்கள் வர வேண்டும், என் அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார் மனுவேல். அத்தாவிடம் மக்காவுக்கு உம்ரா போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் இருந்தது. அம்மாவையும் தன்னோடு வரச் சொன்னார். இங்கே அடித்த கூத்தே ஆயுசுக்கும் போதும் என்று அம்மா மறுத்துவிட்டார். ஆக, எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஸ்பெயினுக்குப் போனது காதர் பாய். விமான நிலையத்தில் நான் பெட்டி தூக்கினேன். பெரியம்மா வழியனுப்ப வந்திருந்து, "உன்னைத்தான் அனுப்பல, அவரையாவது அனுப்பினாங்களே" என்றார்.

அங்கேயிருந்து ஒரே ஒரு முறை அத்தா பேசினார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "சத்தம் கேக்குதா?" என்றார். போனைக் கீழே தணித்திருப்பார் போல. கல்லில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. "எப்ப வெட்டினது தெரியுமாடா. இன்னும் ஓடிகினு கீது," என்றார். நான் படித்த சரித்திரம் அத்தனையும் அந்தச் சத்தத்துக்குள் இருந்தது. தினேஷ் திரும்பி வந்து இரண்டு முறை மறுபடி போயும்விட்டான், நான் இன்றுவரை பெனஹாராவைப் பார்த்ததில்லை. ஆனாலும் அங்கே எங்கள் அத்தா அடித்த சுவர் ஒன்று இருக்கிறது என்று யாரிடம் வேண்டுமானாலும் மார்தட்டிச் சொல்வேன்.

கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. சாய்வான சந்து ஒன்றில் அத்தா லுங்கியை மடித்துக் கட்டி மட்டையோடு நிற்கிறார். பக்கத்தில் மனுவேலும் அவருடைய அம்மாவும். சுண்ணாம்பு வாங்க வருகிறவர்கள் இன்றைக்கும் சந்தேகமாகத்தான் கேட்கிறார்கள், "ஒட்டுமா பாய்?" என்று. அத்தா முதலில் போட்டோவைக் காட்டுவார். அப்புறம், நான் கடையில் இருக்கிறேனா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு சொல்வார்.

"ஸ்பெயின்லயே ஒட்டிச்சுபா. என் பையன் கலந்தா மட்டும்தான் ஒட்டாது."